ஒத்த ஓட்டு

காகிதக் கட்டின் கயிறு அறுந்தது கயிற்றின் குற்றம். ஆனால் தேர்தல் அலுவலகக் குமாஸ்தா, "பார்த்துத் தூக்கக் கூடாதா பெரியவரே?" என்றார். கயிறு அறுந்தாலும் சரி, மழை பொய்த்தாலும் சரி, பழி தன் தலையில் வந்து விழுவது 'ஒத்த ஓட்டு' என்று ஊர் கூப்பிடும் அவருக்குப் பழகிப்போன சங்கதி. குனிந்து, சிதறிய தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தொகுதியைக் கலைத்துவிட்டார்கள். மூன்று துண்டாக வெட்டி, அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டியாயிற்று. தன் தெரு இனி எந்தத் துண்டில் சேரும் என்று குமாஸ்தாவுக்கே தெரியாது. பழைய காகிதங்களையெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப லாரி வந்திருந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிற அவரை ஒருநாள் கூலிக்கு அழைத்திருந்தார்கள். சிமெண்ட் மூட்டை சுமந்த தோளுக்குக் காகிதம் பஞ்சு என்று நினைத்து வந்தவர், பத்தாவது கட்டிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை ஆட்கள் ஜெயித்தும் தோற்றும் இருக்கிறார்களே, கனக்காதா?

கையில் வந்த தாளில் பெரிய எழுத்தில் தொகுதியின் பெயர் இருந்தது. சுமைதூக்குவோர் சங்கத்து அறையில் நடந்த மாலை வகுப்பில் மூன்று வருஷத்துக்கு முன்புதான் எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். எது கிடைத்தாலும் படித்துப் பார்க்கும் நமைச்சல் இன்னும் அடங்கவில்லை. விரலை வைத்துப் படித்தார். ஆண்டு, ஜெயித்தவர், தோற்றவர், வித்தியாசம். பேர்களைப் படிக்கப் படிக்க ஆட்கள் எழுந்து வந்தார்கள். முதல் தேர்தலில் நின்றவர் ஒருவர், ஜெயித்தவரும் அவரே. இரண்டாவதில் வந்தவர் ஆற்றுக்குப் பாலம் கட்டுவேன் என்றார். அவரைத் தோற்கடித்தவரும் அதே பாலத்தைத்தான் சொன்னார். அடுத்தவர் ஜெயித்த கையோடு மாரடைப்பில் போய்ச் சேர, இடைத்தேர்தலில் மச்சான் வந்து கண்ணீர் விட்டு ஜெயித்தான். அந்தக் கண்ணீர்தான் ஊர் பார்த்த கடைசிக் காட்சி, அப்புறம் ஆளைக் காணோம். இப்படியே இறங்கி வந்த விரல் ஏழாவது வரியில் நின்றுவிட்டது.

அந்த வரியில்தான் அவருடைய ஆயுசே இருந்தது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், அந்தத் தேர்தல் நாளில், வரிசை நீளமாக இருக்கிறதே, கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு வரலாம் என்று ஒரு வண்டியின் நிழலில் படுத்தார். முந்தின நாள் முழுக்கச் சுமை இறக்கிய உடம்பு. "எழுந்திருப்பா, ஒரு கை பிடி" என்று யாரோ உலுக்கினார்கள். அரைத்தூக்கத்தில் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அது சீல் வைத்த ஓட்டுப் பெட்டி.

மூன்றாம் நாள், தோற்றுப்போன வேட்பாளர் தெருவுக்கு வந்து மாட்டுவண்டி மேல் ஏறி நின்று, "ஒரே ஒரு ஓட்டு!" என்று குரல் உடையக் கத்தினார். ஊரும் அழுதது. அழுது முடித்ததும், அந்த ஓட்டைப் போடாத பாவி யார் என்று தேடியது. குழாயடியில் எல்லோரையும் நிறுத்தி விரலைக் காட்டச் சொன்னார்கள். மை இல்லாத விரல் ஒன்றே ஒன்று.

அன்றைக்குப் போனது அம்மா அப்பா வைத்த பெயர். பாலம் வரவில்லையா, பஸ் வரவில்லையா, ஒத்த ஓட்டைக் கேள். டீக்கடைக்காரர் இன்றைக்கும், "டீ ஒண்ணா ரெண்டாண்ணே? ஒண்ணு கொறஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்பார். அதுகூடப் போகட்டும். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, தோற்றவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய் விறகு பிளந்து, தொட்டி நிரப்பிவிட்டு வருகிறார் இவர். யாரும் போகச் சொல்லவில்லை. வராதே என்றும் யாரும் சொல்லவில்லை.

"சார்," என்றார் குமாஸ்தாவிடம். "இது பதினோராயிரத்து நானூத்தி எட்டுதானே?"

"ஆமா."

"ஒண்ணு இல்லையா?"

"ஒரு ஓட்டா? அப்படி ஒண்ணு நடந்திருந்தா மறுபடி மறுபடி எண்ணி, கோர்ட்டு வரைக்கும் போயிருக்க மாட்டாங்களா? உங்க சாவடி எது?" குமாஸ்தா இன்னொரு தாளைப் புரட்டினார். "இதோ. உங்க சாவடியில மட்டும் ஒண்ணு கம்மி. முந்நூத்தி நாலு, முந்நூத்தி மூணு. ஏன், நீங்க போடலையா?"

"தூங்கிட்டேன்."

"தூங்காம இருந்திருந்தா பதினோராயிரத்து நானூத்தி ஏழு. அவ்வளவுதான்." குமாஸ்தா சிரித்தார். "இதே தாள் அஞ்சு பிரதி கிடக்கு. வேணும்னா ஒண்ணு எடுத்துக்கோங்க. இந்தத் தொகுதி இனிமே யாருக்கு வேணும்?"

வீட்டில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் தாளைப் படித்துக் காட்டினார். அவள் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீரைத்தண்டால் தரையை அடித்து அடித்துச் சிரித்தாள்.

"குழாயடியில உங்களுக்காக எத்தனை பேரு குடத்த ஒடச்சிருப்பேன்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?"

"இனிமே அந்த வீட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. வீட்லயேவா இருக்கப்போறீங்க?"

"ஏன்?"

"இல்ல, கேட்டேன்." கீரையைத் திரும்ப ஆய ஆரம்பித்தாள். "இருபத்தெட்டு வருஷமா அந்த ஒரு நாளுதான் எனக்குன்னு இருக்கு. போய் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வாங்க. ஆனா மத்தியானத்துக்கு முந்தி வந்துடாதீங்க."

மறுநாள் காலை போனார். தோற்றவரை ஊர் 'தலைவர்' என்றுதான் கூப்பிடும். வார்டு தேர்தலில்கூட ஜெயித்ததில்லை. ஏழாவது தேர்தலுக்குப் பிறகும் நான்கு முறை நின்றார். ஏணி, வாளி, குடை, விசிறி என்று சின்னம் மாறியதே தவிர, டெபாசிட் ஒருமுறையும் திரும்பவில்லை. இப்போது எழுபத்தெட்டு வயது. தனியாள். மேசையில் மைப்பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"வாடா. விறகு அப்புறம். மொதல்ல கட்டைவிரல வை."

"எதுக்குய்யா?"

"தொகுதியக் கலைக்கக் கூடாதுன்னு மனு. நீதான் முதல் சாட்சி."

ஒத்த ஓட்டு மனுவைக் கையில் எடுத்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைப்பதுபோல் வாய்விட்டுப் படித்தார். "ஒரே… ஒரு… ஓட்டில்… வெற்றி தோல்வி முடிவான… சரித்திரப் புகழ்… வாய்ந்த… எங்கள் தொகுதி…"

தலைவரின் முகத்தில் இருந்த தேர்தல் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "எப்படா படிக்கக் கத்துக்கிட்ட?"

"மூணு வருஷமாச்சுய்யா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே! வாராவாரம் வந்துபோற பய, இப்படியா மறைப்ப?"

பழக்கதோஷம், மன்னிப்பு வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து மனு மேல் வைத்தார். ஏழாவது வரியில் விரலையும் வைத்தார். தலைவர் கண்ணாடியைத் தேடவில்லை. பார்க்காமலே தெரிந்த எண்.

"உங்க சாவடியில ஒண்ணுதான்டா," என்றார் கடைசியில். "அது பொய்யில்ல. அன்னிக்கு வண்டி மேல ஏறி அதைத்தான் சொல்ல வந்தேன். 'இந்தச் சாவடியில'ன்னு சேர்க்கிறதுக்குள்ள ஜனம் அழ ஆரம்பிச்சிருச்சு. அழற ஜனத்துக்கிட்ட நின்னு கணக்கா சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவங்க அழுதது வீணாப்போயிருமேன்னு விட்டுட்டேன்."

"என் பேரு போச்சேய்யா."

"எங்கடா போச்சு? உன்னைத் தெரியாதவன் இந்தத் தொகுதியில உண்டா? பதினோராயிரத்துல தோத்தவன் பேர எவன் ஞாபகம் வச்சிருப்பான்?" குரல் தேய்ந்தது. "அந்த ஒண்ணை எடுத்துட்டா நான் யாருடா?"

 ஒத்த ஓட்டுக்குக் கோபம் இருந்தது, ஆனால் இத்தனை நாள் சுமந்த மூட்டையைத் திடீரென்று யாரோ இறக்கிவிட்ட மாதிரி உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தது தலைவரின் நாற்காலிதான். இத்தனை வருஷத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. 

"சரி," என்றார் தலைவர், சுவரைப் பார்த்து. "அடுப்புக்கு விறகு இல்ல."

ஒத்த ஓட்டு நாற்காலியை விட்டு எழவில்லை.

தலைவர் முற்றத்துக்குப் போனார். கோடரியை இரண்டு கையாலும் எடுத்தார். இடது காலை முன்னால் வைத்தார், பிறகு வலது காலை. மேடையில் கும்பிடுவதற்குக் கைகளை உயர்த்துவதுபோல் ஓங்கிப் போட்டார். கோடரி கட்டையின் ஓரத்தில் கோணலாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்தார். கோடரியோடு கட்டையும் சேர்ந்து எழுந்தது. கட்டையோடு கோடரியை ஓங்க முடியாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல், அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

கட்டையைக் கவிழ்த்துப் பிடியை ஒரு தட்டுத் தட்டினால் விடுபட்டுவிடும். ஒத்த ஓட்டின் கைகள் இரண்டும் தாமாகவே எழப் பார்த்தன. அவர் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து, முழு எடையையும் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.