தர்பூசணி பறந்த தொட்டில்

குழந்தை இன்றைக்கும் தூங்காவிட்டால், காலை பஸ்ஸில் சாத்தான்குளம் போய்விடுவேன் என்று அனுசுயா புருஷன் ராபினிடம் சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டலில்லை, பையையும் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். கோடை முடிகிற வரைக்கும் அம்மா வீட்டில்தானாம். ஐந்து மாதப் பிள்ளையைப் பார்க்காமல் ராபினால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. பதறிப்போய்த்தான் அவன் கூட்டாளிகளைக் கூப்பிட்டான்.

வேலம்பாளையத்து லைன் வீடுகளுக்குப் பின்னால் அவனும் அந்த இரண்டு கூட்டாளிகளும் கூடினாலே ஏதாவது வெடிக்கும், இல்லாவிட்டால் நனையும். போன வாரம் ஏசி செய்கிறோம் பேர்வழி என்று ஃபேனுக்கு முன்னால் மண்பானையைக் கட்டி, ஊரார் காயப்போட்ட துணியையெல்லாம் சேறாக்கினார்கள். இந்த முறை, தானாக ஆடும் தொட்டில். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்கான சண்முகவேல், கழித்துப்போட்ட தையல் மோட்டார் ஒன்றைப் பெடலோடு கொண்டுவந்து பொருத்தினான். அங்கேயே துணி வெட்டும் கட்டிங்கில் வேலை பார்க்கும் ராஜபாண்டி, வேஸ்ட் பனியன் துணியில் தொட்டில் கட்டி, கயிற்றால் மோட்டாரோடு இணைத்தான்.

"பிள்ளையப் போடுறதுக்கு முன்னாடி இதப் போட்டுப் பாப்பம்ப்பா" என்று அவனே ஒரு தர்பூசணியைத் தொட்டிலில் கிடத்தினான்.

ராபின் ஜெபம் பண்ணிவிட்டுப் பெடலில் கால் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், சத்தியமாக! ஆனால் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேகவேகமாக ஓவர்லாக் தையல் அடிக்கிற காலுக்கு மெதுவாவது ஒன்றாவது? பெடல் பட்டதுமே தரையோடு தரையாக அமுக்கிவிட்டது. தொட்டில் இரண்டே வீச்சில் கூரை உயரம் போனது. பனியன் துணி வேறு இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். பழம் பறந்துபோய் பாத்ரூம் தகரத்தில் மோதிச் சிதறியது.

"ஏனுங்க ராபின், தொட்டிலாட்டச் சொன்னா ஷிப்மென்ட் அவசரத்துக்குத் தைக்கிறாப்புல ஓட்டறீங்களே!" சண்முகவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ராபினுக்குச் சிரிப்பு வரவில்லை. வீறிட்டு அழும் பிள்ளையோடு அனுசுயா வந்து நின்றிருந்தாள். சிவப்பாக வழியும் தகரத்தைப் பார்த்தாள்.

"இதுலயா எம்பிள்ளையப் போடப் பாத்தீய? நல்லாருப்பீய!"

"இல்லட்டி..." வெட்கமும் ஆத்திரமுமாகக் கயிற்றைப் பிய்த்தெறிந்தான். அந்த வேகத்தில் பாழாய்ப்போன கால் மறுபடியும் பெடலை அமுக்கியது. வெறும் மோட்டார் கர்ரென்று ஓடியது.

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

காலை எடுத்தான், வீறிட்டது. அமுக்கினான், அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிட்டது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மாசம் முடியுத வரைக்கும் மெஷின்ல உக்காந்து தச்சேம்லா" என்றாள் அனுசுயா. "வயித்துக்குள்ள இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தா."

"அப்ப விடிய விடிய நான் மிதிக்கணுமா?"

அவள் பிள்ளையை அவன் தோளில் சாய்த்தாள். வாசலுக்குப் போய், கட்டி வைத்திருந்த பையைத் தூக்க மாட்டாமல் இழுத்துவந்தாள்.

"கால எடுங்க" என்று அதைப் பெடல்மேல் வைத்தாள். மோட்டார் நிற்காமல் ஓடியது.

ராபின் பயந்து பயந்து கேட்டான்: "அப்ப காலையில பஸ்ஸு?"

"பைய எடுத்தா பிள்ள முழிச்சிரும்லா" என்றாள் அனுசுயா.