செருப்பின் எடை

ரோவேனா சத்துணவியல் படித்து உரிமத் தேர்விலும் தேறியதும், அவள் அம்மா வாசலில் மகள் முகம் போட்ட ஆளுயர பேனரைக் கட்டினாள். சொந்தபந்தமெல்லாம் அதன் நிழலில் நின்றுதான் யோசனை சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றார் ஒருவர். துபாய்க்குப் போ என்றார் இன்னொருவர். மணிலாவில் மேலே படி என்றாள் எதிர்வீட்டுக்காரி. பொயேத் மாமா மட்டும் இளைக்கவைக்கும் காபிப்பொடி நாலு டப்பாவோடு வந்தார்.

"டப்பாவுல உன் பேரை மட்டும் போட்டுக்கறேம்மா. நீ குடிக்கவே வேணாம்."

அம்மாவைத் தனியே விட்டுப் போக ரோவேனாவுக்கு மனமில்லை. நகராட்சியில் சத்துணவு அலுவலராகச் சேர்ந்தாள். ஆறு மாத ஒப்பந்தம்; மேயர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம்.

மேயர் வில்யபுவேர்த்தேவுக்கும் ஓர் ஆசை இருந்தது. 'மெலிந்த பிள்ளையே இல்லாத ஊர்' கோப்பையை மூன்று வருடமாக வாங்கியவர், நாலாவதுக்குக் கண்ணாடி அலமாரியில் இடம் ஒதுக்கி, அடியில் வெல்வெட்டும் விரித்துவிட்டார்.

பிள்ளைகளை எடை போடும் நாள் வந்தது. இருபது வருடமாகத் தராசு பிடிக்கும் பெபாங் அக்கா வரிசையை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எல்லாம் செருப்போட ஏறுதுங்க?"

"செருப்பும் பிள்ளையோடதுதானே மேடம்."

"வயிறு வேற பானையாட்டம் இருக்கு!"

"எடை போடற அன்னைக்கு மட்டும் காலைல ரெண்டு கிண்ணம் கஞ்சி. கூடவே முட்டையும் உண்டு. மேயருக்குத் தங்கமான மனசு."

தராசில் நின்ற பொடியனின் கால்சட்டைப் பை கோலிக்குண்டால் புடைத்திருந்தது. ரோவேனா அதைப் பார்த்தாள். பெபாங் அக்கா ஆகாயத்தைப் பார்த்தாள்.

"வேணாம் கண்ணு," என்றாள் பிறகு, மெதுவாக. "போன ஆபீசரும் செருப்பைக் கழட்டச் சொன்னாரு. இப்ப துபாய்ல பர்கர் கடைல பொட்டலம் கட்டறாரு."

ரோவேனாவுக்கு அம்மா முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"கழட்டுங்க. கஞ்சி செரிச்சப்புறம் சாயங்காலம் திரும்ப நிறுக்கலாம்."

போன வருடம் மெலிந்தவர் பூஜ்யம். இந்த வருடம் முப்பத்தேழு.

மறுநாள் மேயர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, ஒரே வருஷத்துல முப்பத்தேழு பிள்ளை எப்படி இளைச்சுது?"

"இளைக்கல சார். செருப்பைக் கழட்டினோம்."

மூலையிலிருந்த காரியதரிசி சிரித்துவிட்டு, அதைச் சாமர்த்தியமாக இருமலாக மாற்றினார். மேயர் நிரந்தர ஆணையை எடுத்து வைத்துப் பேனாவையும் திறந்தார்.

"கணக்கைத் திருத்திக் குடு. இப்பவே போடறேன்."

ரோவேனா பேனா முனையையே பார்த்தாள்.

"அந்தக் கஞ்சியைத் தினமும் ஊத்துங்க சார். அடுத்த வருஷம் பிள்ளைங்களே திருத்திடுவாங்க."

பேனா மூடிக்கொண்டது. மேயர் முட்டாளல்ல, வேலையைவிட்டுத் துரத்தினால் நாளை பத்திரிகையில் வரும். அவர் குரல் தேனாய்க் குழைந்தது.

"உனக்கு இந்த ஊர் பத்தாதும்மா. நீ மேல படிக்கணும். மணிலா, ரெண்டு வருஷம். உதவித்தொகை என் பொறுப்பு."

அந்த வாரமே நகராட்சி வாசலில் புது பேனர் ஏறியது: 'மேல்படிப்புக்குச் செல்லும் எங்கள் ஊர் மகளுக்கு வாழ்த்துகள்'. முக்கால் பங்கு மேயர் முகம். ரோவேனா மூலையில் தபால்தலை அளவில். அவள் நாற்காலியில் மேயரின் அக்கா மகள், ஜிம் பயிற்சியாளர், உட்கார்ந்தாள். முதல் காரியமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தடித்த அடி வைத்த ரப்பர் செருப்பை இலவசமாகக் கொடுத்தாள்.

பேருந்து நிலையத்தில் அம்மா அழுதாள். பெபாங் அக்கா வாழையிலையில் சுற்றிய புட்டோடு மடித்த தாள் ஒன்றையும் ரோவேனா மடியில் திணித்தாள்; முப்பத்தேழு பெயர்கள், எடையோடு.

மணிலாவில் பேராசிரியை ஆய்வுத் தலைப்பு கேட்டபோது, ரோவேனா அந்தத் தாளைத்தான் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"மேடம், எங்க ஊர்ச் செருப்பு என்ன எடைன்னு ஆராயப் போறேன். செலவு மேயரோடது."