பந்துக்குள் மஞ்சள்

கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் முதலில் மெழுகுவத்தி செய்யப் பழக்கினார்கள். அது வெயிலில் வளைந்து படுத்துக்கொண்டது. பிறகு பினாயில். வாங்க ஒரு நாதி இல்லை. அடுத்தது ஊறுகாய். மீன்காரப் பெண்களுக்கு ஊறுகாய் போடக் கற்றுத்தர ஒரு ஆள் காரில் வந்து இறங்கியதை நினைத்தால் ராசம்மாளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்த தொண்டு நிறுவனம் கடைசியாக, 2007-ஆம் வருஷம், கால்பந்து தைக்கச் சொன்னது.

சிரிக்க வேண்டாம். ஊரே ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது.

ராசம்மாளுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. இருபத்தாறு வருஷம் மணலில் உட்கார்ந்து புருஷன் பக்கிரியின் வலையைத் தைத்த கை அது. ஐந்து மூலைத் துண்டு பன்னிரண்டு, ஆறு மூலைத் துண்டு இருபது. மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி. உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துக்கொண்டே போய், விட்ட இடைவெளி வழியாகச் சட்டையைப் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். காற்றடிக்கிற ரப்பர் பையும் உள்ளே இருக்கும். மிச்சமிருக்கும் நாலைந்து தையலைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தேடித்தான் போட வேண்டும். அந்தக் கடைசித் தையல் கொட்டகையில் அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. அதனால் பந்துகளை மூடுகிற வேலை முழுக்க அவளிடமே வந்து சேர்ந்தது.

பயிற்சி கொடுக்க வந்த பண்ருட்டிக்காரன் சுரேந்தர் தகரக் கதவில் சாக்பீஸால் எழுதினான்: ‘பொறுப்பாளர்: ராசம்மாள்.’ ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கேயும் தன் பெயரை அவள் பார்த்ததில்லை. அந்தப் பெயரோடு ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். விட மனசு வருமா?

"சிதம்பரத்துல ஒரு காலேஜ் இருநூறு பந்து கேக்குதுக்கா," என்றான் சுரேந்தர். "இருபத்துநாலு பந்து மாதிரிக்கு எடுத்துட்டுப் போறோம். புடிச்சிருந்தா உங்க பேர பெயிண்டுல எழுதிடலாம். புடிக்கலன்னா கொட்டாய காலி பண்ணச் சொல்லிட்டாங்க நம்ம ஆபீஸ்ல."

வந்த வினை என்னவென்றால், பந்து நேராக உருளவில்லை. தரையில் விட்டால் பாதி தூரம் ஒழுங்காகப் போய், திடீரென்று எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல ஒரு பக்கமாகத் திரும்பியது. பிரித்துத் தைத்தாலும் அதே கூத்து. சுரேந்தர் தையலைக் குற்றம் சொன்னான். தையலைக் குற்றம் சொன்னால் அது ராசம்மாளைச் சொன்னதுதானே? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பக்கிரி செருப்புக் காலோடு உள்ளே வந்தான். எப்போதும் அப்படித்தான் வருவான்.

"வலை கிழிஞ்சி கெடக்கு. எந்திரிச்சி வா. காத்த அடைக்கிற வேலைக்கு நாற்காலி வேற."

"நேரா போவ மாட்டங்குதுய்யா. இன்னா பண்றதுன்னு தெரியல."

பக்கிரி பந்தைக் காலால் தள்ளிப் பார்த்து இளித்தான். "படகுக்கு அடிக்கட்ட வெக்கும்போதே மஞ்சத் துணியில முடிச்சி போட்டு உள்ள வெக்கிறோம். அது இல்லாம தண்ணியில எறக்குனா படகே ஒரு பக்கமா இழுக்கும். நீ வெறும் காத்த வெச்சி வுடுற. எங்கேருந்து நேரா போவும்?"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். ராசம்மாள் அன்று இரவே ஒரு விரலி மஞ்சளை மஞ்சள் துணியில் முடிந்து, பந்துக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் காற்றடித்தபோது மஞ்சள் கிழங்கு குத்தி ரப்பர் பை வெடித்தது. பக்கத்தில் துண்டு தைத்துக்கொண்டிருந்த சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ராசம்மாள் அசரவில்லை. மஞ்சளை இடித்துத் தூளாக்கி, குங்குமமும் ஒரு அருகம்புல்லும் சேர்த்து, தீப்பெட்டி அகலத்துக்குத் தட்டையாக மடித்தாள். புரட்டுவதற்கு முன்னால் அதைத் துண்டின் உள்பக்கத்தில் வைத்து நாலு தையல் போட்டாள். பந்து உருண்டது. நேராக உருண்டது. கொட்டகையின் இந்த மூலையில் விட்டால் அந்த மூலையில் போய்த்தான் நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடாமல் இருபத்துநாலு பந்துக்கும் முடிச்சு வைத்தாள்.

சிதம்பரம் பஸ்ஸில் காற்றடித்த இருபத்துநாலு பந்தையும் மீன்வலையில் கட்டி ஏற்றினார்கள். கண்டக்டர், "இன்னாம்மா, வலை போட்டுப் புடிச்சதா?" என்று கேட்டுவிட்டு, தன் சீட்டில் இடம் பிடித்திருந்த இரண்டு பந்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விசில் ஊதினார். வழி நெடுக ராசம்மாளுக்கு ஒரே கவலைதான். முடிச்சு பத்திரமாக இருக்க வேண்டும், முடிச்சு இருப்பது யாருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர் கோவிந்தசாமி டேப்பால் சுற்றளவு எடுத்தார், தராசில் வைத்தார், தலை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பச் சொன்னார்.

"எந்தப் பக்கம் கனம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தண்ணியில கீழ போயிடும்," என்றபடி, கடையில் வாங்கிய ஒரு பந்தை மிதக்கவிட்டார். அது மெள்ளச் சுழன்று, காற்றடிக்கும் வாயைக் கீழே வைத்துக்கொண்டது. "பாத்தீங்களா? காத்து வாயில இருக்கற ரப்பர் கட்டி கனம். எல்லாப் பந்துலயும் இந்தத் தொந்தரவு உண்டு."

ராசம்மாளின் பந்தை மிதக்கவிட்டார். அது அப்படியே இருந்தது. திருப்பி வைத்தார். வைத்தபடியே இருந்தது. தலைகீழாக வைத்தார். ம்ஹூம், அசையவில்லை. இருபத்துநாலையும் மிதக்கவிட்டுப் பார்த்தவர், சட்டைக்கை நனைந்ததையும் மறந்து ஒரு கத்தியை எடுத்தார்.

"ஒண்ண அறுத்துப் பாக்கணுமே."

ராசம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். கத்தி போனது. காற்று இறங்கியது. ஆசிரியர் உள்பக்கத்தைப் புரட்ட, தையலோடு ஒட்டிக்கொண்டு வந்தது மஞ்சள் பொட்டலம். போச்சு, கதவில் இருக்கிற சாக்பீஸ் எழுத்தும் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரமாதம்!" என்றார் கோவிந்தசாமி. "காத்து வாய்க்கு நேர் எதிர்ல, அதே எடையில! யாரோட யோசனை இது?"

சுரேந்தர் அந்தப் பொட்டலத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான். ஆனாலும் ஒரு நொடி தாமதிக்கவில்லை. "என்னோட டிசைன்தான் சார்."

"துணி ஏன் மஞ்சளா இருக்கு?"

"அது... ஈரம் இழுக்கறதுக்கு சார்."

"குங்குமம்?"

"மார்க்கிங் சார்."

"அருகம்புல்?"

சுரேந்தர் அண்டாவைப் பார்த்தான். அண்டாவில் பதில் எதுவும் மிதக்கவில்லை. "ஸ்பிரிங் மாதிரி சார். குதிக்கறதுக்கு."

கோவிந்தசாமி தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். "அப்ப பொறுப்பாளர்னு உங்க பேரையே எழுதிடறேன் தம்பி."

பேசாமல் இருந்தால் இருநூறு பந்து நிச்சயம், கொட்டகையும் நிச்சயம். பேர் மட்டும் போகும். ராசம்மாள் பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"நான்தான் வெச்சேன் சார்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அது டிசைனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. படகுக்கு வெப்போம், பந்துக்கும் வெச்சேன். சாமி முடிச்சு. வேணாம்னா ஆர்டர நீங்களே வெச்சிக்குங்க. ஆனா அவன் பேர எழுதாதீங்க."

கோவிந்தசாமி பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

"சரிம்மா. சாமிக்குன்னா எந்தப் பக்கம் வேணா வெச்சிருக்கலாமே? குறிப்பா காத்து வாய்க்கு எதிர்ல ஏன் வெச்ச?"

இப்படியும் கேட்பார்களா என்று இருந்தது ராசம்மாளுக்கு. படித்த மனுஷன் வேறு.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? பம்பு இல்லன்னா பசங்க அதுல வாய வெச்சில்ல ஊதுவானுங்க? சாமி பொருளு மேல எச்சி படலாமா? அதான் எவ்ளோ தூரம் தள்ளி வெக்க முடியுமோ அவ்ளோ தூரம் தள்ளி வெச்சேன்."

கோவிந்தசாமி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். பத்தாம் நாள் தபாலில் வந்த ஆர்டரில் முத்திரையோடு இருந்தது: ‘இருநூறு பந்துகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் முடிச்சு ஒன்று, எச்சில் படாத தூரத்தில். பொறுப்பாளர்: ராசம்மாள்.’

கதவில் பச்சைப் பெயிண்டில் பெயர் ஏறிற்று. சுரேந்தரே எழுதினான், ‘ள்’ கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

பெயிண்ட் காய்வதற்குள் பக்கிரி கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"எந்திரிச்சி வா, வலை..."

"அங்கயே நில்லுய்யா," என்றாள் ராசம்மாள் நாற்காலியிலிருந்து. மடியில் மஞ்சள் துணிகள் குவிந்திருந்தன. "உள்ள சாமி சாமான் இருக்கு. செருப்பக் கழட்டிட்டு வா."

பக்கிரி கதவைப் பார்த்தான். எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைப் படித்தான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான்.