தாய்மான் வரும் வரை

1

இந்தக் கதை பிறந்தது பத்திரிகை ஆசிரியரின் தொலைபேசி அழைப்பில். "சார், ஒரு பக்கம் காலியா கெடக்கு. லேசா, சிரிச்ச முகமா ஏதாவது குடுங்க" என்றார். முந்தின நாள்தான் மனைவியோடும் கொழுந்தியாளோடும் பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, கால் வீங்கிப் படுத்திருந்தேன். "மான்" என்றேன். "பிரமாதம்" என்று வைத்துவிட்டார்.

2

துள்ளி ஓடிய மானின் விழிகளில் அவள் தன் இளமையை...

(வேண்டாம். அங்கே எந்த மானும் துள்ளவில்லை. எங்களைப் போலவே களைத்திருந்தன. வேலி கிடையாது, காட்டிலிருந்து தாமாகவே இறங்கி வந்து, கூட்டத்துக்குள் புகுந்து பிஸ்கட் கேட்கும். ஒன்று என் மனைவியின் கைப்பையைக் கவ்வி இழுத்தது. "விடு சனியனே!" என்று அவளும் இழுத்தாள். உதவிக்கு யாரும் வரவில்லை. படம் எடுக்க வந்தார்கள்.)

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன். நடைபாதை ஓரப் புல்லில் ஒரு குட்டி தனியாகப் படுத்திருந்தது. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று கொழுந்தியாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மர நிழலில் விட்டாள். அந்த மரத்தில்தான் பலகை இருந்தது: 'குட்டிகளைத் தொடாதீர்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம்.'

"அக்கா, இப்பத்தான் சோப்பு போட்டுக் கை கழுவினேன்."

"சோப்பு வாடை மட்டும் அதுக்கு அம்மா வாடையாடி?"

அவள் சிரிக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தாய் வந்து சேர்த்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாளாம்.

(இங்கே அவளுக்கு ஒரு சோகக் கதை வைக்கலாம் என்று பிரிந்துபோன கணவன் ஒருவனை எழுதி, அடித்துவிட்டேன். ஓர் உயிரைக் கெடுத்துவிட்டோமோ என்று பயப்படுவதற்கு வேறு காரணமும் வேண்டுமா?)

4

பொழுது சாய்ந்தது. காவலாளி விசில் ஊதத் தொடங்கினார். அப்போது புதரருகே ஒரு பெண்மான் வந்து நின்றது.

"வருது மாமா! அசையாதீங்க."

அசைய எனக்குத் தெம்பில்லை. மான் எங்களைப் பார்த்தது, கொஞ்சம் முன்னால் வந்தது, பின்வாங்கியது. மறுபடியும் அப்படியே.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த என் மனைவிதான் சொன்னாள்: "நாம இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எந்தத் தாய் வரும்? கிளம்புடி."

"போயிட்டா வந்துச்சா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. வா."

தங்கை திரும்பிப் பார்த்துவிடாதபடி தோளை அணைத்துக்கொண்டு நடந்தாள்.

5

"குட்டி பிழைச்சுதா சார்? வாசகர்கள் கேப்பாங்களே" என்கிறார் ஆசிரியர். "கதையிலயாவது சேத்து வெச்சிடுங்க மாமா" என்கிறாள் கொழுந்தியாள்.

முடிவு ஒன்று: தாய் ஓடி வந்து குட்டியை நக்கிக்கொடுத்தது.

முடிவு இரண்டு: விடிந்தபோது மரத்தடியில்...

இரண்டையும் எழுதிப் பார்த்து அலுத்துவிட்டேன். என்ன எழுதினாலும் அந்த மான் புதரைவிட்டு நகரமாட்டேன் என்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, எப்படி நகரும்? போதாததற்கு என் தோளுக்குப் பின்னால் நீங்கள் வேறு எட்டிப் பார்க்கிறீர்கள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். குட்டி பசியோடு கிடக்கிறது. நீங்களும் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.