ஹிலாரியோ கட்டிய வேடம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்சமார்கா நகராட்சிக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். தலைநகர் லிமாவிலிருந்து வந்த சினிமாப் பயிற்சியாளர் கொன்சாலோ ஃபெரேய்ரோஸ். கையில் மணியோடு அவருடைய உதவியாளர் மரியெலா. நகராட்சியின் கலாச்சார அதிகாரி வில்பெர் சுல்கா. வைனோ என்னும் மலைப்பாட்டுகளுக்கு வீடியோ எடுக்கும் பெர்சி நஹாரோ. கல்யாண வீடுகளில் கேமரா பிடிக்கும் அலர்கோன் சகோதரர்கள் இருவர். ஒலிபெருக்கி வண்டிக்காரர் கிரிசோலொகோ தக்குரி; அவர் பயிற்சிக்கு வந்தவரல்ல, மைக் அவருடையது என்பதால் உட்கார்ந்திருந்தார். நெலிதா கொராவா. அவளுடைய பெரியப்பா அப்தோன் கொராவா; மரியாதைக்கு 'தோன்' சேர்த்துத்தான் ஊர் அவரைக் கூப்பிடும். கடைசியாக, கதவோரம் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில், சமையலுக்கு அமர்த்தியிருந்த தொமித்திலா. வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரில் பாதிப்பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

தோன் அப்தோன் இரண்டாவது வரிசையில், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நாற்காலி முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பது ஒரு காரணம். கொராவா வீட்டு ஆள் பொது இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பது இன்னொன்று.

வருஷா வருஷம் இப்படி யாராவது வருவார்கள். ஒரு வருஷம் திரைக்கதையின் அமைப்பு. ஒரு வருஷம் கேமராவைப் பிடிப்பது எப்படி. போன வருஷம், தன்னைத்தானே எடுத்துச் சொல்வது எப்படி. வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ராத்திரிப் பேருந்தில் குலுங்கி, மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு இறங்கி, கோக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே பேச ஆரம்பிப்பார்கள். 'ஆசை', 'தடை', 'காயம்' என்று மஞ்சள் சீட்டுகளில் எழுதி எல்லோரையும் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவரில் பசை பிடிக்காது. மறுநாள் காலை பெருக்க வருகிறவள் ஆசை, தடை, காயம் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போவாள். பயிற்சி முடித்தவர்கள் மறுபடி கல்யாண வீட்டுக்குக் கேமரா தூக்கப் போவார்கள்.

இருந்தும் அவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. வராவிட்டால் கொராவா பயந்து ஒதுங்கிவிட்டான் என்பார்கள். பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் ஊரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்தப் பதில் பிறந்தது அவருடைய படத்திலிருந்து. நெலிதா கைக்குழந்தையாக இருந்தபோது, இந்தப் பக்கத்து மலைகளில் வேறு யாரும் படமெடுக்கத் துணியாத காலத்தில், தோன் அப்தோன் ஒரு வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு 'ஆற்றுக்கு அப்பால் கத்தியது' என்று ஒரு பேய்ப்படம் எடுத்தார். கெச்சுவா மொழியில் எடுத்த படம். ஜனங்கள் நடந்தே வந்து பார்த்தார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த ஜர்ஜாச்சாவின் கதை. முறை தவறிச் சேர்ந்தவன் இரவில் லாமா உருவெடுத்து, 'ஜர்... ஜர்...' என்று கத்திக்கொண்டு திரிவானே, அவன்தான். சொந்தச் சகோதரியோடு சேர்வது அந்தப் பாவம். பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்ற கொமாத்ரேயோடு சேர்வது அதைவிடப் பெரிய பாவம். அந்த உறவு ரத்தத்துக்கு மேல்.

லாமாத் தோலைப் போர்த்திக்கொண்டு அந்த வேடத்தைக் கட்டியவன் அவர் தம்பி, நெலிதாவின் அப்பா ஹிலாரியோ. அவன் போட்ட கூச்சலில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். தக்குரி தன் வண்டியில் ஊர் ஊராகப் போய், "நிஜ ஜர்ஜாச்சாவைப் பாருங்கள், நம்ம ஊர் ஜர்ஜாச்சா!" என்று கத்தினார். முதலில் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது. பிறகு யாரோ ஒருத்தி கணக்குப் போட்டாள். படம் எடுத்த நாட்களில் ஹிலாரியோ தினமும் சாயங்காலம் பாலத்தைத் தாண்டித் தொமித்திலா வீட்டுக்குப் போனான், விடியும்போதுதான் திரும்பினான். தொமித்திலா விதவை. நெலிதாவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவளும் அவள்தான்.

நெலிதாவுக்கு நாலு வயசாகும்போது ஹுவான்டா சாலையில் பேருந்து உருண்டு ஹிலாரியோ செத்தான். அப்படித்தான் முடியும் என்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நெலிதாவின் தாய் வேறொருவனோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். நெலிதா பெரியப்பா வீட்டில் வளர்ந்தாள். அந்த வீட்டில் தோன் அப்தோன் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: சந்தைப் பேச்சுக்குக் கொராவா வீடு பதில் சொல்லாது. பதில் சொன்னால் கேள்விக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும்.

வியாழக்கிழமை கொன்சாலோ ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு மறுநாளைய பிட்ச்சுக்குத் தயார்செய்தார். ஐந்து நிமிஷத்தில் தன் படத்தைச் சொல்ல வேண்டும்; தாண்டினால் மரியெலா மணி அடிப்பாள். ஒருவரை மட்டும் லிமாவுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே கேமராவும் ஆட்களும் கொடுத்துப் படத்தை எடுக்க வைப்பார்கள்.

"உன் காயம் எதுன்னு கேட்டா, நீ லாமா ரோமம் கத்தரிக்கிறதைப் பத்திச் சொல்றியேம்மா," என்றார் கொன்சாலோ, நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே. "அது காயம் இல்ல. பள்ளிக்கூடப் பாடம்."

பின்னாலிருந்து பெர்சி குரல் கொடுத்தான். "சார், அவங்க அப்பாதான் சார் நம்ம ஊர் ஜர்ஜாச்சா! ஜர்... ஜர்... ஒரு தடவை கத்திக் காட்டேன் நெலிதா."

"உன் பாட்டு வீடியோவுக்கு நீயே கத்திக்கடா. பாடுறவளைவிட நல்லா இருக்கும்," என்றாள் நெலிதா.

எல்லோரும் சிரித்தார்கள். கொன்சாலோ மட்டும் சிரிக்கவில்லை. விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அது நிஜமா?"

"தெரியாது சார். வீட்ல யாரும் சொல்றதில்ல."

"தெரியாதா? சரி, அங்கயே நில்லு. அதுக்கு மேல ஒரு அடி வைக்காத. நிஜமா பொய்யான்னு பார்க்கிறவன் தவிக்கணும். விடையச் சொல்லிட்டா படம் அங்கயே முடிஞ்சுபோச்சு, யாரும் காசு போட மாட்டான்." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. நாளைக்கு யாரும் வணக்கம் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம், தயவுசெஞ்சு. போன வருஷம் ஒருத்தர் அஞ்சு நிமிஷமும் வணக்கமே சொல்லிட்டு இறங்கிட்டாராம்."

யாரும் தோன் அப்தோனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்த மாதிரி இருந்தது.

பக்சமார்காவில் கூட்டத்தில் வாய் திறப்பவன் அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, முறை சொல்லி வணங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். ஒரு பேரை விட்டால், அந்த ஆள் செத்துப்போனான் என்று சொன்ன மாதிரி. தோன் அப்தோன் இத்தனை வருஷத்தில் விட்ட பேர் ஒன்றுதான். தொமித்திலா இருக்கும் இடத்தில் அவர் அவள் பக்கம் திரும்பமாட்டார், திரும்பாததால் அவர் கணக்கில் அவள் அங்கே இல்லை. தம்பி பேரும் அவள் பேரும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது என்பதற்காகச் செய்தது. இரண்டு பேருக்கும் அதுதான் காவல் என்று நம்பினார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு பூக்கா பிகான்தே, உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் போட்ட காரக் குழம்பு. வரிசையில் நெலிதா வந்தபோது தொமித்திலா பானையின் அடியில் துழாவி நல்ல பன்றித் துண்டாக எடுத்து வைத்தாள். தோன் அப்தோன் தட்டைப் பார்த்தார், கொடுத்த கையைப் பார்க்கவில்லை.

முற்றத்துப் படிக்கட்டில் நெலிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"சாப்பிடு. ஆறிடும்."

"எங்கப்பா எதுக்கு அங்க போனாரு?"

"நம்ம வீட்ல இதுக்கெல்லாம் பதில் சொல்றது கிடையாது."

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

அவர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார். வெட்டியதைத் தின்னவில்லை.

"பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க. வந்து உங்ககிட்டச் சொன்னா, முதுகை நிமித்தி நடன்னு சொல்லுவீங்க. நிமித்தித்தான் நடந்தேன், முதுகு வலிக்குது பெரியப்பா." அவள் குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல். "எனக்குத் தெரிஞ்சது அந்தக் கேள்வி ஒண்ணுதான். அதனால கொன்சாலோ சார் சொன்னபடி கேள்வியத்தான் சொல்லப் போறேன். நீங்க வேற எதையும் எனக்குக் குடுக்கல."

"உங்கப்பன் பேரை லிமாக்காரன் முன்னால இழுக்காத."

"இங்க இழுக்காதவன் யாரு?"

தட்டைக் கழுவப் போய்விட்டாள். வயசான காலத்தில் இதற்கும் ஒரு சண்டை போட வேண்டுமா என்று தோன் அப்தோனுக்கு அலுப்பாக இருந்தது. சண்டை போடாமல் இருப்பதும் இத்தனை வருஷமாக அதே அலுப்புதான் என்று பட்டபோது, மிச்சச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

இரண்டு மணிக்கு பிட்ச் தொடங்கியது. அலர்கோன் சகோதரர்கள் ஒருவர் வார்த்தையை ஒருவர் பிடுங்கிப் பேசி மணி வாங்கினார்கள். பெர்சி பாட்டுப் பாடி மணி வாங்கினான். பிறகு நெலிதா எழுந்து மேடையேறி மைக் முன் நின்றாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"எங்கப்பா ஒரு மிருகம்னு இந்த ஊர் சொல்லுது."

வில்பெர் சுல்கா கைபேசியைக் கீழே வைத்தார். கதவோரம் தேநீர் ஊற்றும் சத்தம் நின்றது.

அவள் நன்றாகச் சொன்னாள். தோன் அப்தோனால் அதை மறுக்க முடியவில்லை. படம் எடுத்தவர் அவர். எது நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காலியான பள்ளிக்கூடப் பெஞ்சு, அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க ஆள் சேராதது, வீட்டுப் பரணில் சுருட்டி வைத்திருக்கும் லாமாத் தோல், அந்தத் தோலுக்குள் தலையை விட்டு ஒரு நாள் அவள் அழுதது. அவள் அழுதது அவருக்கே தெரியாது. கடைசியில், "அது நிஜமா? எனக்குத் தெரியாது," என்று நிறுத்தினாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

கொன்சாலோ கை தட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. லிமாவுக்குப் போவது யார் என்பதை இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

"நெலிதாகிட்ட யாராவது ஏதாவது கேக்கணுமா?"

தக்குரி தன் இன்னொரு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அந்தச் சத்தம் உனக்கும் வருமா பாப்பா? ரத்தத்துல இருக்கணுமே!"

அலர்கோன் சகோதரர்கள் சிரித்தார்கள். நெலிதா முதுகை நிமிர்த்தினாள். அவள் நிமிர்ந்ததைத் தோன் அப்தோன் பார்த்தார்.

எழுந்தார். முழங்கால் சொடுக்குவது எல்லோருக்கும் கேட்டது. தொப்பியை நாற்காலியில் வைத்தார்.

"மரியாதைக்குரிய அதிகாரி வில்பெர் சுல்கா அவர்களே. தலைவலியோட எங்க ஊருக்கு வந்து பாடுபடுற கொன்சாலோ ஃபெரேய்ரோஸ் அவர்களே."

"தோன் அப்தோன், கேள்வின்னா கொஞ்சம் சுருக்கமா..."

மரியெலா மணியை அடித்தாள். கோயில் மணி ஓயக் காத்திருப்பவர்போல அது ஓயும்வரை நின்றுவிட்டுத் தொடர்ந்தார். "மணி அடிக்கிற மரியெலா அம்மா. என் சிநேகிதன் மகன் பெர்சி. அலர்கோன் வீட்டுப் பிள்ளைங்களே, ரெண்டு பேரும். கிரிசோலொகோ தக்குரி." தக்குரிக்கு முன்னும் பின்னும் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. "என் தம்பி மகளே, நெலிதா."

வழக்கமாக அத்தோடு முடியும். வில்பெர் சுல்கா மறுபடி கைபேசியை எடுத்தார். ஆனால் தோன் அப்தோன் கதவுப் பக்கம் திரும்பினார். கழுத்து இப்போதெல்லாம் திரும்புவதில்லை என்பதால் முழு உடம்பையும் திருப்பினார்.

"என் தம்பியோட கொமாத்ரே. இந்தப் பொண்ணுக்கு ஞானத்தாய். தொமித்திலா பல்யோன் அம்மா."

தொமித்திலா கரண்டியைப் பானைக்குள் விட்டாள். மேல்துணியில் கையைத் துடைத்தாள். பேர் சொல்லி வணங்கப்பட்டவர்கள் செய்வதுபோலத் தலையை ஒரு முறை தாழ்த்தி நிமிர்ந்தாள்.

பெரியப்பா மேலே பேசட்டும் என்று நெலிதா காத்திருந்தாள். அவருக்கு அதற்கு மேல் வரவில்லை. அவள் மைக்கைத் தண்டிலிருந்து கழற்றிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, அவருக்கு முன்னால் வந்து நின்று, அதை அவர் வாய்க்கு நீட்டினாள்.

"எங்கப்பா ஏன் அந்த வேடம் கட்டினாரு?"

"நெலிதா, வேண்டாம்," என்றார் கொன்சாலோ தணிந்த குரலில். "அப்படியே விட்டுடு. எல்லாம் கையில இருக்கு." அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஹுவான்டாவுலேர்ந்து வர வேண்டிய நடிகனுக்கு அம்மை போட்டிருச்சு. முகமூடி வேற எவன் தலைக்கும் சேரல. விளக்குப் பிடிச்சிட்டிருந்த உங்கப்பனுக்குச் சேந்துச்சு."

"தினம் பாலம் தாண்டிப் போய் ராத்திரி அங்கயே இருந்தாரே?"

கொன்சாலோ கண்ணை மூடி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார்.

"ஆத்துக்கு இந்தப் பக்கம் அப்ப கரண்ட் கிடையாது," என்றார் தோன் அப்தோன். "அந்தம்மா வீட்ல இருந்துச்சு. கேமரா பேட்டரிய சார்ஜ் போடப் போனான். பழைய சார்ஜர், சூடாகிப் புகையும், பக்கத்துல ஒரு ஆள் முழிச்சிருக்கணும். அந்தம்மாவும் அவங்க மாமியாரும் உள்ள கதவைச் சாத்திட்டுத் தூங்குவாங்க. இவன் அடுப்படி வாசல்ல சார்ஜரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். போகச் சொன்னது நான். படம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு நாளும் போகல. வேற ஒண்ணும் இல்ல."