தெருவைப் பார்த்த பேனல்கள்

1

சூரியன் எவருக்கும் சொந்தமில்லை. அதன் ஒளி மானுடம் முழுமைக்குமான கொடை.

இந்த வாக்கியத்தை எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவருக்காக நான்தான் எழுதினேன். சோலார் திறப்பு விழாவில் வாசித்தார். 'மானுடம்' வரும் இடத்தில் மைக் இரைந்தது. அதைக் கைதட்டல் என்று நினைத்து இன்னொரு முறை வாசித்தார். இந்தக் கதை அங்கே பிறந்தது. எழுதிக்கொடுத்த கை இன்னும் கூசுகிறது.

2

எப்படித் தொடங்குவது?

'அவள் தையல் மெஷினை நிறுத்தியபோது வெளியே மழை...' வேண்டாம். மழை பெய்யவில்லை.

'மூச்சு என்பது என்ன என்று யோசித்தால்...' இதுவும் வேண்டாம். அப்படி யோசிக்கிறவனுக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் ஒரு தையல்காரி. அவள் கணவர் இருபது வருடம் கல்லுடைத்தவர்; நுரையீரல் முழுக்கத் தூசி. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. தினமும் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். அந்த நேரத்திலும் மெஷின் ஓடும் என்று சொல்லித்தான், அவள் துணி உலர்த்தும் இடத்தில் சோலார் பேட்டரி வைக்கச் சங்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

3

தலைவரை வெறும் கெட்டவராக எழுதலாமா என்று தயங்கினேன். ஒற்றைப் பரிமாணம் என்பார்கள். சரி, இரண்டாவது பரிமாணத்தையும் தேடிப் பார்த்தேன். அதிலும் அவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

எலக்ட்ரீசியன் மொட்டைமாடியில் பேனல்களை வெயில் விழும் பக்கமாகத்தான் சாய்த்திருந்தார். தலைவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா, இங்கேர்ந்து பார்த்தா வெறும் கம்பிதான் தெரியுது?"

"வெயில் அந்தப் பக்கம் சார்."

"சீஃப் கெஸ்ட் இந்தப் பக்கமாத்தானேய்யா வர்றாரு?"

"சூரியனைத் திருப்ப முடியாது சார்."

"அதான் பேனலைத் திருப்பச் சொல்றேன்."

திருப்பினார்கள். தெருவைப் பார்த்து, விளம்பரப் பலகை மாதிரி நிமிர்த்தி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: படம் நன்றாக வந்தது. பேனல்களில் தலைவரின் முகம்கூட லேசாகத் தெரிகிறது.]

4

பேட்டரி பாதிகூட ஏறுவதில்லை. கரண்ட் போன நாற்பதாவது நிமிடத்தில் மெஷின் கத்திவிட்டு நின்றுவிடும். மீதி நேரம் அந்த மனிதர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலமாகி, பல்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தையல்காரி தலைவரிடம் போனாள். நானும் அங்கே இருந்தேன்.

"சார், நாப்பது நிமிஷத்துல நின்னுடுது."

"இயற்கைம்மா. நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

"இயற்கை இருக்குற இடத்துலதான் சார் இருக்கு. நீங்கதான் திருப்பி வெச்சிருக்கீங்க."

"ஒரு வருஷம் போகட்டும். விருதுக் குழு பார்க்க வருது."

விருதுக் குழு! மூச்சு முட்டுகிறவனிடம் ஒரு வருடம் அடக்கிக்கொள் என்று சொல்ல என்ன ஒரு... [வேண்டாம். அச்சில் வராது.]

படிக்கட்டில் எலக்ட்ரீசியன் நின்றிருந்தார்.

"பதினாறு போல்ட்தாண்ணே. அரை நாள்ல திருப்பிடுவேன். மாடிக்கதவுதான் பூட்டிக் கிடக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்கதான் ஏதாவது பண்ணணும்," என்றாள் தையல்காரி.

"கண்டிப்பா எழுதறேம்மா," என்றேன்.

5

முடிவு ஒன்று: தலைவர் மனம் மாறுகிறார். (பாதி வாக்கியத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: கல்லுடைத்தவர் இறந்துபோகிறார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள், எனக்குப் பேர் கிடைக்கிறது. மாட்டேன். அவர் செத்தால்தான் உங்களுக்குக் கோபம் வரும் என்றால், அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்...

மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாளை மதியமும் கரண்ட் போகும். அதற்குள் எழுதுங்கள்.

மாடிக்கதவின் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. செயலாளர் நான்.