விண்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமியார்

கைபேசியில் படம் பார்க்கும் செயலி ஒன்றில், எந்தத் தொடர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. முதலில் கணினி பிரித்துவைக்கும். அது உளறினால் இவன் திருத்துவான். இந்த முறை வாய்கூசாமல் உளறியிருந்தது. பல ஆண்டுகளாக ஜவ்வாக இழுபடும் குடும்பத் தொடர் ஒன்றை அறிவியல் புனைவு வரிசையில் வைத்துவிட்டது. இந்தப் பக்கம் விண்கலம், அந்தப் பக்கம் இயந்திர மனிதன், நடுவில் கண்ணைக் கசக்கும் மாமியார்.

"மாத்தாதடா," என்றான் அலுவலக நண்பன் போனில். "வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குப் போன பையன் திங்கட்கிழமை மீசையோட வர்றான். டைம் டிராவல் இல்லாம இது வேற என்ன?"

அவன் போனை வைத்தான். அடுத்த அறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம். இறந்துபோன மனைவியின் அம்மா, அவனுக்கு அத்தை, கிளம்பிக்கொண்டிருந்தார். அவனைத் தனியே விட மனமில்லாமல் வந்து தங்கியவர். மாலையில் அவருடைய மகன் வந்து கூட்டிப்போகிறான். சண்டை ஒன்றும் இல்லை. "செவுத்தோட எத்தனை நாள்தான் பேசுறது?" என்று மகனிடம் சொன்னது இவன் காதில் விழுந்திருந்தது. போகாதீங்க என்று சொல்ல நினைத்தான். வாய் வரவில்லை.

வேலைதான் வந்தது. சிக்கலான காட்சியை ஓடவிட்டான். பள்ளத்தில் உருண்டு செத்த மூத்த மருமகள் வாசலில் நிற்கிறாள். முகம் வேறு; அவளுடைய இதயத்தை வேறொருத்திக்குப் பொருத்தியிருக்கிறார்களாம். பீரோ சாவி எங்கே என்று சரியாகச் சொல்கிறாள்.

வசனம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தார். "ஐயோ, இது அவ திரும்பி வர்ற இடமாச்சே!"

"அத்தை, ஒரு சந்தேகம்."

மாதக்கணக்கில் அவன் கேட்ட முதல் கேள்வி. அவர் மடித்த புடவையோடு வந்து உட்கார்ந்தார்.

"நடக்க முடியாதது நடந்தா மட்டும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்ல. கதைக்குள்ள ஒருத்தராவது 'எப்படி'ன்னு கேக்கணும். இதுல யார் கேட்டா?"

"டாக்டர் சொன்னாரே. இதயத்தோட செல்லுக்குள்ளயும் ஞாபகம் இருக்கும்னு."

"அவராத்தான் சொன்னார். கேட்டது யாரு?"

அத்தை யோசித்தார். "மாமனார் மயங்கிட்டார். மாமியார் சூடுபட்ட மாதிரி குதிச்சா. சின்னவ சாவி இருக்கான்னு பாக்க ஓடினா."

"புருஷன்?"

"சாப்டியான்னு கேட்டான்."

"அவ்வளவுதானா?"

"பின்ன என்ன மாப்பிள்ளை? செத்தவ வாசல்ல வந்து நின்னா, எப்படி வந்தேன்னா கேப்பாங்க?"

"நான் கேப்பேன்."

திரையில் இசை முழங்கியது. அவன் அதை நிறுத்தினான்.

"யார்கிட்ட?" என்றார் அத்தை மெதுவாக.

"அவகிட்டதான்."

அந்த வீட்டில் அவன் மனைவியைப் பற்றி யாரும் வாய் திறந்து வெகுநாளாகியிருந்தது. புடவை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

"கேப்பீங்க," என்றார் அத்தை. "கதவைக்கூடத் திறக்காம ஜன்னல் வழியா கேப்பீங்க. எந்த வழியா வந்தே, எவ்வளவு நேரமாச்சுன்னு."

"அவ என்ன சொல்வா?"

"'முதல்ல நகருங்க, நின்னு நின்னு கால் கடுக்குது'ம்பா."

அதே குரல், அதே இழுப்பு. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் வீடு இருக்குற லட்சணத்தைப் பாத்து என்னைத் திட்டுவா. நீங்க தப்பிச்சுடுவீங்க, எப்பவும்போல."

அவன் தொடரைக் குடும்ப வரிசைக்கு மாற்றவில்லை. விண்கலத்துக்குப் பக்கத்திலும் விடவில்லை. இன்னும் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்தான். 'எப்படி' என்று இவன் ஒருவன் கேட்டிருக்கிறான். கதைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டால் செல்லுமா என்பது வரிசை பிரிக்கும் விதியில் இல்லை.

அத்தையின் போன் அடித்தது. மகன்.

"இன்னிக்கு வேணாம்டா," என்றார் அத்தை. "மாப்பிள்ளைக்கு வேலை நடக்குது. நான் பக்கத்துல இல்லேன்னா யாரு யாருக்குப் பொண்டாட்டின்னே அவருக்குப் புரியாது. எப்பவா? அவர்கிட்டயே கேளு."

போனை அவனிடம் நீட்டினார்.

"இருக்கட்டும் மச்சான்," என்றான் அவன். "அத்தை இங்கயே இருக்கட்டும்."